வெளிச்சம் சொன்ன சாட்சி

ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் தரம் பார்க்கும் பெரியவர் ஒருவரை எனக்குத் தெரியும். பதனிட்ட தோலை ஜன்னலுக்கு எதிரே தூக்கிப் பிடிப்பார். ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. "வெளிச்சம் பொய் சொல்லாதுங்க, நாமதான் அவசரப்பட்டுத் தப்பாப் படிக்கிறோம்" என்பார்.

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறி, காவலூர் வானாய்வகத்துக்குப் போன ஒரு மாலையில் அந்த வார்த்தை நினைவுக்கு வந்தது. வேறு சூரியன்களைச் சுற்றும் கிரகங்களை மனிதன் தேடிய கதையில் நம் தமிழ்நாட்டுக்குப் பழைய பங்கு ஒன்று உண்டு. அது ஒரு தவறிலிருந்து தொடங்குகிறது.

சென்னை வானாய்வகத்தின் தலைவராக இருந்த காப்டன் ஜேக்கப், ஒபியூக்கஸ் கூட்டத்தின் 70ஆம் நட்சத்திரத்தை ஆராய்ந்தார். அது ஒன்றையொன்று சுற்றும் இரட்டை நட்சத்திரம். கணக்குப்படி இருக்க வேண்டிய இடத்தில் அவை இல்லை. கண்ணுக்குத் தெரியாத கிரகம் ஒன்று இழுக்கிறது போலும் என்று 1855இல் எழுதினார். பின்னால் வந்தவர்கள் சரிபார்த்தார்கள். அப்படி ஒரு கிரகம் இல்லை. ஆனால் அவருடைய யோசனை பொய்யல்ல. 140 ஆண்டுகள் கழித்து, 1995இல், ஜெனீவாவைச் சேர்ந்த மேயரும் கெலோவும் ஒரு நட்சத்திரத்தின் தள்ளாட்டத்தைக் கொண்டே அதைச் சுற்றும் கிரகத்தைக் கண்டார்கள். 2019இல் நோபல் பரிசும் பெற்றார்கள்.

காவலூரிலும் வெளிச்சம் ஒருமுறை சாட்சி சொன்னது. 1977 மார்ச் 10ஆம் தேதி யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்க இருந்தது. பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் 1 மீட்டர் தொலைநோக்கியில் காத்திருந்தார்கள். கிரகம் நெருங்குமுன்பே ஒளி சில விநாடி மங்கிற்று! துணைக்கோள் என்றுதான் முதலில் நினைத்தார்கள். பிற இடங்களில் எடுத்த அளவுகளோடு சேர்த்துப் பார்த்தபோது, அது யுரேனஸின் வளையம் என்று தெளிவாயிற்று.

நட்சத்திரத்தின் குறுக்கே கிரகம் போனாலும் இப்படித்தான் ஒளி குறையும். ஆனால் எவ்வளவு? நம் பூமி சூரியனைக் கடப்பதை வெகு தொலைவிலிருந்து பார்த்தால், ஏறத்தாழ 12,000இல் ஒரு பங்கு! தரையில் நின்று பார்க்கிறவனுக்கு, நடுங்கும் காற்று அந்தச் சிறு குறைவை மறைத்துவிடும். ஆகவேதான் தொலைநோக்கியை விண்வெளிக்கே அனுப்பினார்கள். 2009இல் புறப்பட்ட கெப்ளர், 1,50,000க்கு மேற்பட்ட நட்சத்திரங்களை வருடக்கணக்கில் இமைக்காமல் பார்த்தது. 2018இல் ஓய்ந்தது. அதன் பேரில் 2,600க்கு மேற்பட்ட கிரகங்கள். 2025இல் மொத்தக் கணக்கு 6,000ஐத் தொட்டுவிட்டது.

மலையிலிருந்து இறங்கும்போது கீழே வாணியம்பாடியின் விளக்குகள் மினுக்கின. ஜேக்கப்பை நினைத்துக்கொண்டேன். பாவம், அவர் தேடிய கிரகம் கிடைக்கவில்லை. ஆனாலும் ஒரு சிறு பிசகைக் கண்டு, அதை அலட்சியம் செய்யாமல், 'ஏன்?' என்று கேட்டாரே! ஆம்பூர்ப் பெரியவர் பார்த்திருந்தால், "சரியான ஆளு, கொஞ்சம் அவசரப்பட்டுட்டார்" என்றுதான் சொல்லியிருப்பார்.