சைக்காலஜிஸ்ட்டிடம் சொன்ன ரகசியம் போலீஸ் வரை போகுமா? சட்டம் என்ன சொல்கிறது?

கவுன்சிலிங் போகத் தயங்குபவர்கள் பலருக்கும் இருக்கும் பயம், "நாம சொல்றத வெளியில சொல்லிடுவாங்களோ?" என்பதுதான்.

பொதுவாக, சொல்லக் கூடாது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன் 23-வது பிரிவு, சிகிச்சை பெறுபவரின் தகவல்களை ரகசியமாக வைத்திருப்பதைக் கடமையாக்கியிருக்கிறது. கம்பெனி மேனேஜர் போன் போட்டுக் கேட்டாலும் இதே பதில்தான்.

ஆனால் ஒருவர், "அவளைக் கொல்லப் போறேன்" என்று சொன்னால்?

1969-ல் அமெரிக்காவின் பெர்க்லியில் இதுதான் நடந்தது. அங்கு படித்த இந்திய மாணவர் ஒருவர், ஒரு பெண்ணைக் கொல்லப்போவதாகத் தன் சைக்காலஜிஸ்ட்டிடம் சொன்னார். அவரும் சும்மா இருக்கவில்லை, பல்கலைக்கழக போலீஸுக்குத் தகவல் கொடுத்தார். மாணவரைப் பிடித்த போலீஸ், 'தெளிவாத்தான் பேசுறார்' என்று விட்டுவிட்டது. டாட்டியானா டாரசாஃப் என்ற அந்தப் பெண்ணையோ, அவரது பெற்றோரையோ யாருமே எச்சரிக்கவில்லை. அக்டோபர் 27 அன்று அவர் கொல்லப்பட்டார்.

பெற்றோர் தொடர்ந்த வழக்கில் 1976-ல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நோயாளியால் இன்னொருவர் உயிருக்கு ஆபத்து என்றால், அவரைக் காப்பாற்ற நியாயமான நடவடிக்கை எடுப்பது சிகிச்சையாளரின் பொறுப்பு என்றது. அதேநேரம், நோயாளி என்ன செய்வார் என்பதைத் துல்லியமாகக் கணிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை. கோபத்தில் "அவனை அடிக்கணும் போல இருக்கு" என்று சொல்வதெல்லாம் கொலை மிரட்டல் ஆகிவிடாதே!

இந்தியச் சட்டத்திலும் விதிவிலக்குகள் உண்டு. மற்றவருக்கு ஆபத்து, உயிருக்கு அச்சுறுத்தல், நீதிமன்ற உத்தரவு போன்ற சூழல்களில் தகவலை வெளியிடலாம். ஆபத்தைத் தடுக்க எவ்வளவு தேவையோ, அவ்வளவுதான் சொல்ல வேண்டும். கூடவே பேசிய பழைய காதல், கடன், மாமியார் சண்டை எல்லாம் ஃபைலுக்குள்ளேயே இருக்கணும்.

18 வயதுக்குட்பட்டவர் மீதான பாலியல் குற்றம் பற்றித் தெரியவந்தால் மட்டும் 'சொல்லலாமா' என்ற யோசனைக்கே இடமில்லை. போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவுப்படி போலீஸிடம் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் 6 மாதம் வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம்.

எனவே முதல் சந்திப்பிலேயே, "நான் சொல்றதுல எதையெல்லாம் வெளியில சொல்ல வேண்டி வரும்?" என்று கேட்டுவிடுங்கள். இப்படிக் கேட்பது தப்பே இல்லை. நல்ல சிகிச்சையாளர் நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவார்.

(மனநல ஆலோசனைக்கு: டெலி மானஸ் - 14416, 24 மணி நேரமும், இலவசம்)