யாருடைய மணி நேரம்? அரக்கோணம்–சென்னை அன்றாடப் பயணத்தின் கணக்கு

அரக்கோணத்தில் ஒரு வீட்டுக்குச் சென்னையில் வேலை என்று உத்தரவு வந்தால், சம்பளப் பேச்சு முடிவதற்குள் அடுத்த கேள்வி எழுந்துவிடும்: "அங்கேயே வீடு எடுக்கப் போறியா, போய்ட்டு வந்துடுவியா?" விடை காண ஒரு மாலைப்பொழுது போதும். சென்னையில் வாடகை இவ்வளவு, பத்து மாத அட்வான்ஸ் இவ்வளவு, சீசன் டிக்கெட் இவ்வளவு என்று ஒரு தாளின் பின்புறம் எழுதிப் பார்த்ததும் போய்வருவதென்று முடிவாகிவிடும். அன்று மாலை எடுத்த முடிவு ஓய்வுபெறும் நாள்வரை நீடிப்பதும் உண்டு.

அந்தத் தாளில் உள்ள கூட்டல் கழித்தலில் பிழை ஏதுமில்லை. யாருடைய பெயரில் அந்தக் கணக்கை எழுதுகிறோம் என்பதில்தான் பிழை இருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். வேலைக்குப் போகும் ஒருவரின் பணத்தையும் நேரத்தையும் மட்டும் எடைபோடும் வழக்கம் வீட்டுத் திண்ணையிலும் இருக்கிறது, போக்குவரத்துப் பொருளியலிலும் இருக்கிறது. ஆனால் 69 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னை சென்ட்ரலுக்கு ஒருவர் நாள்தோறும் போய்வரும்போது, அவருடைய கடிகாரத்தோடு சேர்த்து வீட்டிலுள்ள எல்லாருடைய கடிகாரமும் திருப்பி வைக்கப்படுகிறது.

அரக்கோணம் சென்னையின் புறநகராக உருவான ஊர் அல்ல. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடிய பாதையில் இருக்கிறது. ரயில்வேயையே தன் பிழைப்பாகக் கொண்டு வளர்ந்தது. இந்த வேறுபாடு கோட்பாட்டுக்கு முக்கியமானது. வில்லியம் அலோன்சோ 1964-இல் வெளியிட்ட நூலிலிருந்து தொடங்கும் நகரப் பொருளியல் மரபு, நகர மையத்திலிருந்து விலக விலக நிலத்தின் விலை குறைகிறது, கூடும் பயணச் செலவை அந்தக் குறைவு ஈடுகட்டுகிறது என்று சொல்கிறது. வாடகையையும் தொலைவையும் எடைபோட்டுக் குடியிருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பவரே அதன் கதாநாயகர். அரக்கோணத்துக்காரர் எதையும் அப்படித் தேர்ந்தெடுக்கவில்லை. வீடு தாத்தா கட்டியது. வேலைதான் புதிதாக வந்தது. மனைவி திருத்தணிப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியராக இருக்கலாம். அப்போது ஒரு வீட்டுக்கு இரண்டு 'மையங்கள்' ஆகிவிடுகின்றன. இத்தகையோர் விதிவிலக்கான சிலர் அல்லர். 2009–10 தேசிய மாதிரி ஆய்வுத் தரவுகளைக் கொண்டு எஸ். சந்திரசேகர் செய்த மதிப்பீட்டின்படி, வேளாண்மை சாராத வேலைக்காகக் கிராமப்புறத்திலிருந்து நகர்ப்புறத்துக்குப் போய்வந்தவர்கள் நாடெங்கும் 80 லட்சத்துக்கும் மேல். இவர்கள் குடிபெயராதவர்கள். இவர்கள் எடுத்த முடிவை இடத்தேர்வு என்ற பெயரால் அழைப்பதே பொருத்தமில்லை.

குடிபெயராமல் இருக்கும் வாய்ப்பைத் தருவது சீசன் டிக்கெட். இரண்டாம் வகுப்பு மாதச் சீட்டின் விலை ஏறத்தாழ 15 ஒற்றைப் பயணங்களின் கட்டணத்துக்குச் சமம். மாதம் 24 நாள் வேலைக்குப் போகிறவர் 48 முறை பயணம் செய்கிறார் என்றால், மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே கட்டுகிறார். மூன்று மாதச் சீட்டாக எடுத்தால் 2.7 மாதத்துக்குக் கட்டினால் போதும். 2014 ஜூனில் இந்த 15-ஐ 30 ஆக்கப்போவதாக அறிவித்த ரயில்வே, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாள்களிலேயே அதைத் திரும்பப் பெற்றது. பொதுவாக 150 கிலோமீட்டர் வரைதான் சீசன் கிடைக்கும். காட்பாடி அந்த எல்லைக்குள் வருகிறது, ஜோலார்பேட்டை வருவதில்லை. சென்னையின் வேலைச்சந்தை எதுவரை நீள்கிறது என்பதை நகரத் திட்ட வரைபடத்தை விட இந்த விதி திட்டவட்டமாகச் சொல்கிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

மலிவான சீட்டை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது கணக்கின் ஒரு பக்கத்தை ஒளியில் நிறுத்தி மறுபக்கத்தை இருட்டில் விட்டுவிடுகிறது. ரூபாயில் தெரியும் செலவு மிகச் சிறியது. நேரத்தில் போகும் செலவுக்கு யாரும் ரசீது தருவதில்லை.

அதற்கு நாமே ரசீது எழுதிப் பார்க்கலாம். எண்கள் எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொண்டவை; வாசகர் தம் வீட்டு எண்களை இட்டுப் பார்க்கலாம். வீட்டு வாசலிலிருந்து அலுவலக வாசலுக்கு ஒரு வழிக்கு இரண்டேகால் மணி நேரம். நாளுக்கு நாலரை, 24 நாளுக்கு 108 மணி நேரம். விடுப்புகளைக் கழிக்காவிட்டால் ஆண்டுக்கு 1,296 மணி, அதாவது 54 முழு நாள்கள். போய்வருவதால் மாதம் மிச்சமாவது 8,000 ரூபாய் என்று கொண்டால், ஒரு மணி நேரத்தை 74 ரூபாய்க்கு விற்கிறார். மாதம் 40,000 ரூபாய் வாங்குபவர் என்றால் அலுவலகத்தில் அவருடைய மணிக்கூலி 208 ரூபாய். மூன்றில் ஒரு பங்கு விலைக்குத் தன் விடியலையும் இரவையும் விற்பவர் ஏமாளி என்று இங்கேயே தீர்ப்பு எழுதிவிடுகிறவர்கள் உண்டு.

அது அவசரத் தீர்ப்பு. சென்னையில் வீடு எடுத்தால் பயணமே இருக்காது என்ற கற்பனையின் மேல் அது நிற்கிறது. 40,000 ரூபாய்ச் சம்பளக்காரர் அலுவலகத்துக்கு அடுத்த தெருவிலா வீடு எடுப்பார்? ஆவடியிலோ பட்டாபிராமிலோ கூடுவாஞ்சேரியிலோ எடுப்பார். அங்கிருந்து கிண்டிக்கோ அண்ணா சாலைக்கோ போக ஒன்றேகால் மணி நேரம் என்று வைத்தால், நாளுக்கு இரண்டரை மணி எப்படியும் போகிறது. அரக்கோணத்தில் இருப்பதால் கூடுதலாக இழப்பது நாளுக்கு இரண்டு மணி, மாதம் 48 மணி. இப்போது மணிக்கு 167 ரூபாய் கிடைக்கிறது. 208-க்குக் குறைவுதான். ஆனால் அந்தக் கூடுதல் நேரத்தை எந்த முதலாளியும் 208 கொடுத்து வாங்கப் போவதில்லை என்பதால் இது மோசமான விலை அல்ல. திண்ணைக் கணக்கு அவ்வளவு மடத்தனமானது இல்லை.

அரசே இந்தக் கணக்குக்குத் துணை நிற்பதும் உண்டு. மத்திய அரசு ஊழியருக்கு வீட்டு வாடகைப்படி அவர் வேலை பார்க்கும் ஊரைப் பொறுத்தது. குடியிருக்கும் ஊரைப் பொறுத்ததல்ல. ஏழாவது ஊதியக்குழு முறையில், அகவிலைப்படி 50 விழுக்காட்டைத் தொட்ட பிறகு சென்னைக்கு அடிப்படை ஊதியத்தில் 30 விழுக்காடு, அரக்கோணம் போன்ற ஊருக்கு 10. அடிப்படை ஊதியம் 35,400 ரூபாய் என்றால் 10,620-க்கும் 3,540-க்கும் இடையே வேறுபாடு 7,080. நடுத்தர நிலை ஊழியர்களுக்குப் போக்குவரத்துப்படியும் சென்னையில் இரு மடங்கு. ஆகவே சொந்த ஊருக்கே மாற்றல் கிடைத்தாலும் வேண்டாமென்று ரயிலேறுபவரை நாம் பார்க்க முடிகிறது. வீட்டுக்குப் பக்கத்தில் வேலை பார்ப்பது அவருக்கு ஊதியக் குறைப்பு.

இனி, ரயிலில் கழியும் நேரம் எத்தகைய நேரம்? டேனியல் கானமனும் உடனாய்வாளர்களும் டெக்சாஸில் வேலை பார்க்கும் 909 பெண்களின் ஒரு நாளைப் பகுதி பகுதியாகப் பதிவுசெய்து 2004-இல் வெளியிட்ட ஆய்வில், காலையில் வேலைக்குப் போகும் பயணமே மனநிறைவில் கடைசியில் வந்தது. இதை அப்படியே எடுத்து இங்கே பொருத்துபவர்கள் நாடும் வண்டியும் வேறு என்பதை மறந்துவிடுகிறார்கள். அரக்கோணத்திலிருந்தே புறப்படும் மின்சார ரயிலில் ஏறுபவருக்கு உட்கார இடம் உண்டு. தூங்கலாம், டிஎன்பிஎஸ்சி வழிகாட்டியைப் புரட்டலாம், சீட்டாடலாம். ஏலச்சீட்டு நடத்துவதும் வரன் பேசி முடிப்பதும்கூட அந்தப் பெட்டியில் நடக்கும். அதே வண்டி சென்ட்ரலிலிருந்து 42 கிலோமீட்டரிலுள்ள திருவள்ளூருக்கு வரும்போது நிற்கத்தான் இடம், அம்பத்தூரில் படிக்கட்டுதான். (திருவள்ளூரிலிருந்தே கிளம்பும் வண்டிகள் இருப்பதற்கு இந்த நெரிசலும் ஒரு காரணமாக இருக்க வேண்டும்.) தொலைவில் இருப்பவர் உட்கார்ந்து வருகிறார், அருகில் இருப்பவர் தொங்கிக்கொண்டு வருகிறார். கிலோமீட்டரைத் துன்பத்தின் அளவுகோலாகக் கொள்ளும் எந்த ஆய்வும் இங்கே தடுக்கி விழும்.

விரைவாகப் போக வேறு வழியும் இருக்கிறது. தொலைதூர எக்ஸ்பிரஸ்கள் ஒன்றேகால் மணி நேரத்தில் சென்ட்ரலை அடைந்துவிடும். ஆனால் அவற்றின் அன்ரிசர்வ்டு பெட்டி அரக்கோணம் வருமுன்பே நிரம்பியிருக்கும். முன்பதிவுப் பெட்டியில் சீசன் செல்லாது. ஆகவே நாள்தோறும் காலையில் ஒருவர் வேகத்துக்கும் இருக்கைக்கும் இடையே ஒன்றைத் தேர்கிறார். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் மெதுவான வண்டிக்கு மாறிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய பயண நேரம் கூடியது, பயணச் சுமை குறைந்தது. இரண்டையும் ஒரே எண்ணாகக் கணக்கிட்டால் அவர்கள் அறிவிழந்தவர்களாகத் தெரிவார்கள்.

கால அட்டவணையில் இல்லாத நேரமும் ஒன்று உண்டு. அலுவலகத்துக்குப் பத்து நிமிடம் தாமதமாவது மாதத்தில் இரண்டு நாள் நடந்தாலே மேலதிகாரியின் முகம் மாறிவிடும். சிக்னல் கிடைக்காமல் வண்டி வெளியே நிற்பதும், எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு லூப் லைனில் காத்திருப்பதும் என்றைக்கு நேரும் என்று தெரியாது. ஆகவே சீசன்காரர் தனக்குப் போதுமான வண்டியை விட்டுவிட்டு அதற்கு முந்தைய வண்டியைப் பிடிக்கிறார். எப்போதோ வரும் பத்து நிமிடத் தாமதத்துக்காக நாள்தோறும் நாற்பது நிமிடத்தைக் காப்பீடாகக் கட்டுகிறார். அந்த நாற்பது நிமிடம் அலுவலக வாசல் டீக்கடையில் கழிகிறது. சராசரிப் பயண நேரத்தைக் கேட்கும் எந்தப் படிவத்திலும் இது பதிவாகாது.

இந்த முந்தைய வண்டிதான் கணக்கை வீட்டுக்குள் கொண்டுபோகிறது. ஐந்தரை மணி வண்டி என்றால் ஐந்து மணிக்குள் இரண்டு டிபன் பாக்ஸ் தயாராக வேண்டும். அவர் நாலரைக்கு எழுந்தால், சமைப்பவர் நாலு மணிக்கு எழுகிறார். சென்னையிலேயே குடியிருந்தால் ஐந்தரைக்கு எழுந்திருப்பார் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு ஒன்றரை மணி, மாதம் 36 மணி. 48-உடன் இதைச் சேர்த்தால் 84. அதே 8,000 ரூபாயை 84-ஆல் வகுத்தால் மணிக்கு 95 ரூபாய். 167 ஏன் 95 ஆனது என்று கேட்டால், முந்தைய எண்ணில் ஒருவருடைய உழைப்பு விலையின்றிச் சேர்ந்திருந்தது என்பதே விடை. இரவு ஒன்பதரைக்கு மறுபடி குழம்பைச் சூடாக்குவதை நான் இன்னும் சேர்க்கவில்லை.

இதற்கு நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. அரக்கோணத்தில் மாமியார் இருக்கிறார், பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்து வருகிறார், காய் நறுக்கித் தருகிறார். சென்னையில் இவை எல்லாவற்றுக்கும் காசு கொடுக்க வேண்டும். உண்மைதான், அந்தத் தொகையை வரவில் வைக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த வரவும் எழுபது வயதுப் பெண்ணொருவரின் மணி நேரங்களிலிருந்து வருகிறது. மறுப்பு என் வாதத்தைத் தளர்த்தவில்லை. கணக்கில் இன்னொரு பெயரைச் சேர்க்கிறது.

அலோயிஸ் ஸ்டட்சரும் புருனோ ஃப்ரேயும் ஜெர்மனித் தரவுகளைக் கொண்டு 2008-இல் வெளியிட்ட கட்டுரை, நீண்ட பயணம் செய்வோர் வாடகையிலோ சம்பளத்திலோ அதற்கு முழு ஈடு பெறுவதில்லை, அவர்களின் வாழ்க்கை நிறைவு குறைவாகவே இருக்கிறது என்று காட்டியது. கோட்பாட்டுக்கு முரணான இதைப் புதிர் என்றே அவர்கள் அழைத்தார்கள். வீட்டிலுள்ள மற்றவர்களுக்கு அந்த ஈடு போய்ச் சேர்கிறதா என்றும் அவர்கள் பார்த்தார்கள், அப்படித் தெரியவில்லை. ஸ்வீடனில் எரிகா சாண்டோ செய்த ஆய்வு இன்னும் நெருங்கி வருகிறது. நெடும்பயணம் செய்வோரின் இணைகளில் பிரிவு ஏறத்தாழ 40 விழுக்காடு கூடுதல் என்ற அதன் முடிவே பெரிதும் பேசப்பட்டது. நம் குடும்பங்களின் நிலை வேறு என்பதால் அந்த எண்ணை நான் இங்கே கொண்டுவர மாட்டேன். பயணிப்பவரின் உத்தியோகம் உயர்கிறது, அவர் பெரும்பாலும் ஆண்; வீட்டில் இருப்பவர் உள்ளூரில் கிடைத்த குறைந்த சம்பள வேலைக்கு இறங்குகிறார் என்ற கவனிப்புதான் நமக்கு வேண்டியது. அரக்கோணத்தில் பி.எட். முடித்துவிட்டுப் பக்கத்துத் தெருத் தனியார் பள்ளியில் சொற்பச் சம்பளத்துக்குப் பாடம் நடத்தும் மனைவிமாரைக் காட்ட ஸ்வீடன்காரர் வர வேண்டியதில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, வேளாண்மையும் வீட்டுத்தொழிலும் சாராத தொழிலாளர்களிடம் வேலையிடத்தின் தொலைவையும் போகும் வாகனத்தையும் கேட்டது. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் தொலைவின் கடைசிப் பிரிவு '51 கிலோமீட்டரும் அதற்கு மேலும்'. அரக்கோணத்துக்காரரும் காட்பாடிக்காரரும் ஒரே பெட்டியில் ஏற்றப்பட்டுவிட்டார்கள். புறப்படும் நேரம் கேட்கப்படவே இல்லை. 2019 நேரப் பயன்பாட்டு ஆய்வு வேறொரு மூலையிலிருந்து வந்தது: வீட்டில் ஊதியமில்லா வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள், ஆண்கள் 97. இரண்டு தரவுகளையும் ஒரே வீட்டில் வைத்துப் பார்க்கும் அட்டவணை வேண்டும்.

அப்படி ஓர் அட்டவணை வந்தால், அதில் மிகவும் சிக்கலான வரிசை தானே பயணிக்கும் பெண்ணுடையதாக இருக்கும். அவருக்காக நாலு மணிக்கு எழ வீட்டில் ஆள் இல்லை. தன் டிபன் பாக்ஸோடு மற்றவர்களுக்கும் மதியச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுக் கிளம்புகிறார். 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால் ரயில் நிலையம்வரை போக அவருக்குச் செலவு குறைந்திருக்கலாம், நேரம் குறையவில்லை. மாலை வண்டியின் பெண்கள் பெட்டியில் பை திறக்கிறது. அவரைக்காய் நார் உரிக்கப்படுகிறது, பூண்டு உரிக்கப்படுகிறது, மறுநாளுக்குப் பூ தொடுக்கப்படுகிறது. பக்கத்துப் பெட்டியில் சீட்டுக்கட்டு. கால அட்டவணைப்படி இரண்டு பெட்டிகளுக்கும் பயண நேரம் ஒன்றுதான்.