மேல் நெருப்பும் கீழ் நெருப்பும்

தொழில் நிமித்தமாகத் தமிழகத்தை விட்டுத் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறிய நம் குடும்பங்களோடு இட்லிக் கொப்பரையும் தோசைக்கல்லும் கூடவே பயணம் செய்தன. ரொட்டி சுடும் அடுப்பு அவ்வாறு வரவில்லை. நம் முன்னோர் வீட்டில் அது இருந்தால்தானே வருவதற்கு? நாம் ஆவியில் அவித்தோம், கல்லில் வார்த்தோம், எண்ணெயில் பொரித்தோம். நாற்புறமும் சூழ்ந்து நிற்கும் உலர்ந்த வெப்பத்தில் மாவை வைத்துச் சுடும் முறையை நம் அடுக்களை பெரும்பாலும் கைக்கொள்ளவில்லை. ஆகவே, அண்டை வீட்டார் கிறிஸ்துமஸுக்குக் கேக்கும் தீபாவளிக்கு நான்கட்டாயும் கொடுத்தனுப்ப, இவற்றை நம் வீட்டிலும் செய்யலாகாதா என்று பிள்ளைகள் கேட்கும்போது, நாம் உடனே செய்வது ஓவன் என்னும் பெட்டி அடுப்பைக் கடையில் விலை விசாரிப்பதுதான். சில ஆயிரம் ரூபாய் கொடுத்து அதனை வாங்கி, மூன்று மாதம் கழித்து அதன்மேல் ஊறுகாய்ச் சாடிகளை அடுக்கிவைத்த வீடுகளை நாம் அறிவோம். நம் வீடும் அவற்றுள் ஒன்று. எதை முதலில் வாங்குவது என்னும் கேள்வியை வரலாற்றிடம் கேட்டிருந்தால், அந்தச் செலவு ஒருவேளை வேறு வழியில் சென்றிருக்கும்.

இந்நாட்டில் மூடிய அடுப்பு புதியதன்று. இராசத்தானத்தின் காளிபங்கன் என்னும் சிந்துவெளிக் கால ஊரை அகழ்ந்தவர்கள், இன்றைய தந்தூரை ஒத்த மண்ணடுப்புகளைக் கண்டனர். எனினும் தந்தூர் பெரும்பாலும் ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதாய் இருந்ததில்லை. அதன் உட்சுவர் 400 பாகைக்கு மேலும் காயவேண்டும். பத்து ரொட்டிக்காக அத்துணை விறகை எரிப்பது எந்தக் குடும்பத்துக்கும் கட்டுபடியாகாது. பஞ்சாபின் ஊர்களில் தெருவுக்கொரு தந்தூர் எரிந்தது. அதனைச் சாஞ்சா சூல்ஹா, அதாவது பொது அடுப்பு, என்றனர். பெண்கள் பிசைந்த மாவை மட்டும் கொண்டுவந்து சுட்டுச் சென்றனர். 1947-ஆம் ஆண்டுப் பிரிவினையின்போது ஏதிலிகளாய்த் தில்லிக்கு வந்தவர்களோடு அந்த வழக்கமும் வந்து சேர்ந்தது.

கோவாவின் கதையும் இதுவே. 1510-இல் கோவாவைக் கைப்பற்றிய போர்ச்சுகீசியர் உண்ட ரொட்டிக்குப் புளிப்பு மா வேண்டும். அதற்கு அங்கே கிடைத்தது தென்னங்கள். கள்ளால் மாவைப் புளிக்கவைத்து, விறகடுப்பில் சுட்டு, வைகறையில் வீடுவீடாய்க் கொண்டுசென்று விற்றவர்கள் பொதேர் எனப்பட்டனர். ரொட்டி சுடுபவரைக் குறிக்கும் போர்ச்சுகீசியச் சொல்லின் திரிபே அது. மும்பையில் நாம் தின்னும் பாவ் என்பதும், ஈழத்தில் நம்மவர் வழங்கும் பாண் என்பதும் அதே மொழியிலிருந்து வந்த உடன்பிறப்புகள். ரொட்டி நாள்தோறும் வாசலுக்கு வந்துகொண்டிருந்தபோது, பெரிய அடுப்பு வீட்டுக்குள் புகவேண்டிய தேவை எழவில்லை.

வீட்டார் தாமே கலந்த மாவைச் சுட விரும்பினாலும் தெருவையே நாடினர். கொல்கத்தாவில் ஆங்கிலோ-இந்தியர் பலர், டிசம்பர் மாதத்தில் முட்டையும் வெண்ணெயும் உலர்பழமும் தம் கையால் அளந்து கலந்து, அக்கலவையை ரொட்டிக் கடைக்கு எடுத்துச் சென்று சுட்டுவாங்கும் வழக்கம் உடையவர்கள். வடநாட்டு நகரங்களில் கோதுமை மாவும் நெய்யும் சர்க்கரையும் கொடுத்து, எதிரில் நின்று பிஸ்கட் சுட்டுவாங்கும் வழக்கமும் அத்தகையதே. அளவும் பாத்திரமும் வீட்டினுடையவை, அடுப்பு தெருவினுடையது. இந்தப் பாகுபாடு பல தலைமுறை நின்றது.

தலைச்சேரியில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை ஒன்று இதற்குப் பொருந்துகிறது. 1880-இல் அங்கே பிஸ்கட் தொழிற்கூடம் தொடங்கிய மாம்பள்ளி பாபு என்பாரிடம், 1883-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸை ஒட்டி, மர்டாக் பிரவுன் என்னும் ஆங்கிலத் தோட்டக்காரர் இங்கிலாந்தின் கேக் ஒன்றைக் காட்டி, இதைப்போல் செய்ய இயலுமா என்று கேட்டாராம். பாபு செய்து காட்டினார். அவரிடம் அடுப்பு இருந்தது. சுடும் பழக்கமும் இருந்தது. இல்லாதிருந்தது அச்சு ஒன்றே. அதனைத் தருமடத்துக் கொல்லர் ஒருவரைக் கொண்டு அடித்து வாங்கினார் என்பர். கேக்கின் வரலாற்றை எழுதுவோர் அதன் சுவையைப் பாடுகின்றனர். நமக்கோ அந்தக் கொல்லரின் மீதுதான் கண் செல்கிறது.

தெருவடுப்பை நாடாமல் வீட்டிலேயே சுட்டவர் இல்லையா எனின், இருந்தனர். அவர்கள் கையாண்டது மூடிமேல் நெருப்பு. கீழே மட்டும் எரியும் அடுப்பில் மாவின் அடி கருகும், மேல் வெளுத்து நிற்கும். எனவே கனத்த பாத்திரத்தை மூடி, மூடியின்மேல் தணலைப் பரப்பினர். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் அபுல் பசல் எழுதிய அயினி அக்பரியில் தம்புக்த் என்னும் அடைத்துவேகவைக்கும் உணவு குறிக்கப்பட்டுள்ளது. அதே நூலில் அடுப்பில் சுடும் பெரிய ரொட்டிக்கு 10 சேர் மாவு, 5 சேர் பால், ஒன்றரை சேர் நெய், கால் சேர் உப்பு என்று கணக்கும் உள்ளது. அரண்மனையிலும் அளவு வாய்ப்பேச்சாய் இருக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கோவாவின் பெபிங்கா இன்னும் நுட்பமானது. ஓர் அடுக்குக் கலவையை ஊற்றி, மேல் நெருப்பால் அதனைச் சிவக்கவைத்து, அதன்மேல் அடுத்த அடுக்கை ஊற்றுவர். தேங்காய் மட்டையின் தணலே அதற்கு ஏற்றதெனக் கொண்டனர். வெள்ளையர் வீட்டுச் சமையற்காரர்களும் இதே முறையை அறிந்திருந்தனர். சென்னைக் குதிரைப்படையில் பணியாற்றிய கென்னி-ஹெர்பர்ட் என்பார் 1878-இல் சென்னை வாசகர்களுக்கென்று எழுதிய சமையல் நூலில், இங்குள்ள அடுக்களைகளின் நிலையை நொந்துகொள்கிறார். நொந்துகொண்ட துரைமார்க்கெல்லாம் அந்த அடுக்களைகளிலிருந்துதான் விருந்து வந்தது!

பின்னர் ஒரு மாற்றம் ஓசையின்றி நிகழ்ந்தது. 1965 அக்டோபர் 22 அன்று கொல்கத்தாவில் இண்டேன் எரிவாயு முதன்முதலாக வீட்டுக்கு வழங்கப்பட்டது. புகையும் கரியும் அகன்றன. பெண்களின் கண்ணுக்கும் மூச்சுக்கும் அது பெரும் விடுதலை. ஆனால் கரி போனபோது தணலும் போயிற்று; தணலோடு மேல் நெருப்பும் போயிற்று. எரிவாயு அடுப்பு கீழிருந்து மட்டுமே எரியும். மின்சாரப் பெட்டி அடுப்பு நம் நகர வீடுகளில் இடம்பிடித்ததற்கு மேனாட்டு மோகம் ஒன்றே காரணமன்று. இழந்துபோன மேல் நெருப்பை மீட்கும் தேவையும் ஒரு காரணம் என்பது நம் துணிபு. பெட்டியைத் திறந்து பாருங்கள்: மேலே ஒரு கம்பி, கீழே ஒரு கம்பி. தம் போடும் பழைய ஏற்பாட்டின் மின்சார வடிவமே அது.

மேனாட்டிலும் வீட்டில் கேக் சுடுவது எளிதானது அடுப்பால் மட்டுமன்று. 1896-இல் பாஸ்டனில் பேனி பார்மர் என்னும் அம்மையார் வெளியிட்ட நூல், கரண்டியையும் கோப்பையையும் தலைதட்டி அளக்கவேண்டும் என்று வற்புறுத்தியது. 1923-இல் இங்கிலாந்தில் ரெகுலோ என்னும் வெப்பக் கட்டுப்பாட்டுடன் எரிவாயு அடுப்பு விற்பனைக்கு வந்தது. அதுவரை அடுப்புக்குள் கையை நீட்டியும், சிட்டிகை மாவைத் தூவி அது சிவக்கும் வேகத்தைப் பார்த்துமே வெப்பத்தை மதிப்பிட்டனர். அளவு, வெப்பம் இவ்விரண்டும் எண்ணாக மாறிய பின்னரே, பழக்கமில்லாதவரும் துணிந்து சுட முடிந்தது.

ஆதலால் முதலில் வாங்கத்தக்கது தராசு. கிராம் காட்டும் சிறு மின்னணுத் தராசு போதும். ஒரே கோப்பையில் மைதாவைத் தூவி நிரப்பினால் 120 கிராம் நிற்கும். அழுத்தி நிரப்பினால் 150 கிராமும் நிற்கும். கேக் கல்லாகிப் போனதற்கு அடுப்பைக் குறைகூறும் வீடுகளில், பிழை பல சமயம் இந்த 30 கிராமில் இருக்கிறது.

அடுத்தது அச்சு, கடைகளில் கேக் டின் என்பர். குறிப்பில் 20 சென்டிமீட்டர் விட்டம் என்றிருக்க, 23 சென்டிமீட்டர் டின்னில் ஊற்றினால் பரப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிகும். கேக் தாழ்ந்து, குறித்த நேரத்துக்கு முன்பே உலர்ந்துவிடும். கறுத்த டின் வெப்பத்தை அதிகம் உறிஞ்சி ஓரத்தை விரைவில் சிவக்கவைக்கும். பளபளப்பான அலுமினியம் அவ்வாறு செய்யாது. முதற்கேக்குக்கு அலுமினியமே நன்று. கண்ணாடிப் பாத்திரம் பெட்டி அடுப்புக்கு ஆகும். எரிவாயுச் சுடரின்மேல் வைத்தால் வெடிக்கும்.

பெட்டி அடுப்பு இல்லாமலே தொடங்க விரும்புவோர், அடிகனத்த பாத்திரத்தில் இரண்டு விரற்கிடை மணல் பரப்பி, அதன்மேல் ஒரு தாங்கி வைத்து, மூடிப் பத்து நிமிடம் காய்ச்சி, பின் டின்னை இறக்கலாம். பிரஷர் குக்கரை இதற்குப் பயன்படுத்துவோர் வளையத்தையும் குண்டையும் எடுத்துவிட வேண்டும். வெறுமையாய்க் காய்ந்து குக்கரே கெடவும் கூடும் என்பதால், நாம் வேறு பாத்திரத்தையே விரும்புவோம். இம்முறையில் மேல்பக்கம் சிவக்காது. காரணம் நேயர்கள் அறிந்ததே. அதற்காகக் கதவடைத்த அடுக்குமாடி வீட்டில் கரித்தணல் மூட்டவே கூடாது. கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடிக்கும்.

இத்தனைக்கும் பிறகு பெட்டி அடுப்பே வேண்டும் என்று தோன்றினால், வாங்குமுன் சுவரைப் பாருங்கள். வாடகை வீடுகளில் பெரும்பாலும் இருப்பது 6 ஆம்பியர் பிளக். 230 வோல்ட்டில் அது தாங்குவது 1,380 வாட் மட்டுமே. பல அடுப்புகள் அதற்கு மேல் இழுக்கும். நாம் குடியிருந்த வடநாட்டு வீடொன்றில், முதற்கேக் பாதி வெந்த நிலையில் மாடி முழுவதும் இருண்டது. வீட்டுக்காரர் இந்தியில் கூறியவற்றுள் சில சொற்களுக்கு இன்றுவரை நாம் பொருள் தேடவில்லை. அடுப்போடு உள்ளே வைக்கும் வெப்பமானி ஒன்றையும் வாங்குவது நலம். திருகு 180 என்று காட்ட, உள்ளே 200 இருப்பது புதுமையன்று.

தெருவடுப்பும் முற்றிலும் அணைந்துவிடவில்லை. அருகில் விறகடுப்புள்ள பழைய பேக்கரி இருந்தால், கலவையைச் சுட்டுத்தருவார்களா, கிலோவுக்கு என்ன கூலி என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கொண்டுபோகும் டின்னின் அடியில் பெயரின் முதலெழுத்தை ஆணியால் கீறிவிடுங்கள்; டிசம்பர் மூன்றாம் வாரத்தில் அங்கே எல்லார் டின்னும் ஒன்றுபோலவே இருக்கும்.