இரும்புச் சப்பாத்து

முழங்காலில ஒப்பரேஷன் முடிஞ்ச ஒருவரிடம் "பாரம் தூக்குங்கோ" எண்டு சொன்னால் எங்கட வீடுகளில் சண்டை வரும். "ஓய்வாய் இரு" என்பதுதான் எங்களுக்குத் தெரிந்த வைத்தியம். 1940களில் மருத்துவமும் ஏறக்குறைய அதைத்தான் சொன்னது.

இரண்டாம் உலக யுத்தத்தின் கடைசி வருடங்கள். அமெரிக்க இராணுவ வைத்தியசாலைகளில் கட்டில்கள் போதவில்லை. முழங்கால் காயப்பட்ட சிப்பாய்களுக்கு, பாரம் குறைவாகவும் தடவைகள் அதிகமாகவும் உள்ள பயிற்சிகளே கொடுக்கப்பட்டன. அதனால் களைப்புத் தாங்கும் சக்தி கூடலாம். மெலிந்துபோன தொடைத்தசைக்குப் பலம் வராது. ஆட்கள் மாதக்கணக்கில் வைத்தியசாலையிலேயே கிடந்தார்கள்.

சிகாகோவின் கார்டினர் பொது வைத்தியசாலையில் வேலை செய்த தோமஸ் டிலோர்ம் என்ற இளம் இராணுவ வைத்தியர் இதை மாற்றிப் பார்த்தார். பதின்ம வயதில் வாதக்காய்ச்சல் வந்து, கடும் உடலுழைப்பே கூடாது எண்டு சொல்லப்பட்டவர் அவர். ஆனாலும் பாரம் தூக்கித்தான் தன்னைத் தேற்றிக்கொண்டார். அதையே நோயாளிகளிடமும் கொண்டுபோனார். பாதத்தில் இரும்புச் சப்பாத்தைக் கட்டி, அதில் பாரத் தட்டுகளைக் கொழுவி, மடித்த காலை நீட்டச் சொன்னார். பலம் கூடக்கூடப் பாரமும் கூடியது. தசைகள் திரும்பி வந்தன. 1945இல் இதை மருத்துவ சஞ்சிகையில் எழுதினார்.

அவர் தன்னுடைய முறையையே பிறகு திருத்தினார் என்பதுதான் எங்களுக்கு முக்கியமாகப் படுகிறது. முதலில் பத்துப் பத்துத் தடவையாக ஏழு தொடக்கம் பத்துச் சுற்றுகள். 1948இல் ஆர்தர் வொட்கின்ஸுடன் சேர்ந்து, அது தேவைக்கு அதிகம் எண்டு மூன்று சுற்றாகக் குறைத்தார். ஒருவரால் சரியாகப் பத்துத் தடவை தூக்கக்கூடிய பாரம் 10 கிலோ எண்டு வைப்போம். முதற் சுற்று 5 கிலோ, அடுத்தது 7.5, கடைசி 10. 'கடும் எதிர்ப்புப் பயிற்சி' என்ற பெயரும் 'படிப்படியாகக் கூட்டும் எதிர்ப்புப் பயிற்சி' எண்டு மாறியது.

இண்டைக்கு பிசியோதெரபியிலும் ஜிம்மிலும் எண்ணுற "மூன்று செட், பத்துத் தடவை" பரவலானதில் இந்த வேலைக்குப் பெரிய பங்கு உண்டு. யுத்தத்துக்கு நன்றி சொல்ல எங்களிடம் எதுவும் இல்லை. ஆனால் காயப்பட்ட உடலைப் பொத்திப் பொத்தி வைப்பது மட்டும் பராமரிப்பு இல்லை. அது எவ்வளவு தாங்கும் எண்டு அளந்து, நாளைக்குக் கொஞ்சம் கூடக் கேட்பதும் பராமரிப்புத்தான்.