பன்றி விலாக்கறி (திம்புள்ளப் பக்குவம்)

பன்றி விலாக்கறி என்பது பன்றியின் அடிவயிற்றுப் பக்கமாக வளைந்திறங்கும் விலா எலும்புகளை, அவற்றைப் பற்றிய சதையோடும் கொழுப்போடும் துண்டித்து, உறைப்பும் புளிப்பும் மேலோங்கச் சமைக்கும் பதார்த்தமாகும். இலங்கை மலைநாட்டில் அட்டன், கொட்டகலை, தலவாக்கலை, லிந்துலை, அக்கரப்பத்தனை என்று விரிந்து கிடக்கும் திம்புள்ளத் தேயிலைப் பிரதேசத்தில் முஸ்லிம்கள் மார்க்க விதியாலும், இந்துக்களிற் பலர் குல வழக்காலும் இவ்விறைச்சியை விலக்குவராதலின், இது தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கெல்லாம் பொதுவான உணவன்று. உண்ணும் குடும்பங்களிலோ விசேஷ நாளின் மதிப்புடையது. தீவின் பன்றிப் பண்ணைகளிற் பெரும்பாலானவையும் இம்மலைகளிலன்றி, புத்தளம் முதல் கொழும்பு வரையான மேற்குக் கரையோரத்திலேயே உள்ளன.

விலாத்துண்டின் உட்புறத்தில் கண்ணாடித்தாள் போன்றதொரு சவ்வு ஒட்டியிருக்கும். ஓர் எலும்பின் ஓரத்தில் கரண்டிக் காம்பைச் செருகி அதைக் கிளப்பி, வழுக்காதபடி உலர்ந்த துணியாற் பற்றி இழுத்தால், சரசரவென்ற ஓசையோடு ஒரே உரியாக வந்துவிடும். இதை நீக்காமற் சமைப்பவர் மசாலை உட்புகாமையையும், மெல்லும்போது தோல்போல் இழுபடும் தன்மையையும் ஏற்க வேண்டிவரும்.

ஒரு கிலோ இறைச்சிக்கு நான்கைந்து சுளை கொறக்காவை வெந்நீரில் ஊறவைத்து, மிளகு, இஞ்சி, பூண்டு, உப்பு, மஞ்சளோடு அரைத்துப் பூசி ஒரு மணி நேரமேனும் வைத்தல் வழக்கம். கொறக்கா தமிழகத்தார் அறிந்த குடம்புளியின் இனத்தது. பன்றிக் கொழுப்பின் திகட்டலை அதன் புளிப்பு அறுப்பதுபோல் வேறெதுவும் அறுப்பதில்லை என்பது எமது துணிபு. மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், கொச்சிக்காய் ஆகியவற்றைக் கோப்பித்தூளின் நிறம் வரும்வரை வறுத்துப் பொடித்த தூளே குழம்புக்குக் கருமை தருகிறது.

சட்டியில் எண்ணெய் வேண்டியதில்லை. வெங்காயம், கறிவேப்பிலை, ரம்பை, கறுவாப்பட்டையோடு இறைச்சியை இட்டுக் கிளறக் கொழுப்பு தானே உருகும். பின் மூழ்க நீர் வார்த்து, ஒரு கொதி வந்ததும் தீயைத் தணிக்க வேண்டும். இங்குதான் கரையோரச் சமையற்காரரின் கணக்கு மலையிற் பொய்த்துப்போகிறது. கடல்மட்டத்தில் 100 பாகை செல்சியசில் கொதிக்கும் நீர், சுமார் 1,400 மீற்றர் உயரத்தில் 95 பாகையளவிலேயே கொதித்துவிடுவதால், அடுப்பை எவ்வளவு மூட்டினும் மூடாத சட்டியின் உஷ்ணம் அதற்குமேல் ஏறாது. எலும்போடு சதையைப் பிணைக்கும் நார்ப்பொருள் பசையாகக் கரைவதற்குக் காலமே தேவை. கரையில் ஒன்றரை மணியில் முடிவது இங்கு இரண்டு மணிக்கும் மேலாகலாம். கவாத்து வெட்டியபின் சேர்த்த தேயிலை மிலாறு எனும் சுள்ளிகள் எரிந்து தணலாகி, அத்தணலிற் சட்டி மெல்ல முணுமுணுத்திருப்பதே இதற்கு உகந்த தீ. பிரஷர் குக்கர் நேரத்தைச் சுருக்கும். ஆனால் சதை குலைந்து குழம்பிற் கலந்துவிடும்.

சதை சுருங்கி எலும்பின் முனை ஒரு விரலகலம் வெளித்தெரிவதும், எலும்பைத் திருகினால் எதிர்ப்பின்றிச் சுழல்வதும் பக்குவத்தின் அடையாளங்கள். வறுத்த தூளை இறுதிக் கால்மணியிலேயே தூவ வேண்டும். முன்னரே இட்டால் கசக்கும். சிலர் தேங்காய்ப்பால் சேர்ப்பர்; தன் கொழுப்பிலேயே செழிப்புள்ள இவ்விறைச்சிக்கு அது மிகையெனவே தோன்றுகிறது.

நாடாப்புழுவின் சிறுபைகள் பன்றித் தசையில் இருக்கக்கூடுமாதலால் அரைவேக்காடு ஆகாது. நீடித்த வேக்காட்டில் அவை அழியும். 2024-இல் இலங்கையில் தோன்றிய ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் மனிதரைத் தொற்றுவதில்லை. எனினும் பச்சை இறைச்சிக் கழிவைப் பன்றிகளுக்கு இடுதல் அந்நோயைப் பரப்பும்.

இரவு சமைத்து மூடிவைத்த சட்டியில், மலைக்குளிரால் விடியற்காலையிற் கொழுப்பு வெண்மையாக உறைந்து நிற்கும். அதிற் பாதியை வழித்தெடுத்துவிட்டுச் சூடாக்கி, கோதுமை மாவு ரொட்டியோடு உண்டு தொழிலாளர் தேயிலை மலைக்கு வேலைக்குப் புறப்படுவர். புளிப்பும் உறைப்பும் அப்போதுதான் எலும்புவரை இறங்கியிருக்கும்.