ஆறு நாள் அவகாசம்

செவிலியர் பள்ளியின் நுழைவுத் தேர்வுக்குச் சில வாரங்களுக்குள் ஆயத்தமாக வேண்டிய பிள்ளைகள் எல்லாக் காலத்திலும் இருக்கிறார்கள். உயிரியலில் எதைப் படிப்பது, கணக்கில் எதை விட்டுவிடுவது என்பது அவர்களுடைய கவலை. அந்தக் கவலைக்கும் முந்தைய கேள்வி ஒன்று உண்டு. நோயாளியின் கட்டிலருகே நிற்கப்போகிறவளிடம் வாசலிலேயே எதைச் சோதித்தறிவது? இக்கேள்வியை அவசரத்தில் எதிர்கொள்ள நேர்ந்த ஓர் அக்டோபர் மாதத்தை இங்கே நினைவுகூர விரும்புகிறோம். அப்போது அவகாசமின்றித் தவித்தவர்கள் தேர்வுக்கு வந்தவர்கள் அல்லர், தேர்ந்தெடுக்க உட்கார்ந்தவர்கள்.

1854 செப்டம்பர் 20 அன்று கிரிமியாவில் அல்மா ஆற்றங்கரையில் போர் நடந்தது. காயம்பட்ட ஆங்கிலச் சிப்பாய்கள் கப்பலேற்றப்பட்டு, கான்ஸ்டான்டிநோபிளுக்கு எதிர்க்கரையில் உள்ள ஸ்கூட்டாரி மருத்துவமனையில் கொண்டுவந்து போடப்பட்டார்கள். காயத்துக்குக் கட்டுப்போடவும் ஆளில்லை என்று லண்டன் 'டைம்ஸ்' இதழுக்கு எழுதினார் தாமஸ் செனரி. பிரெஞ்சுப் படைக்குக் கன்னியர் மடத்துச் சகோதரிகள் பணிவிடை செய்கிறார்கள், நமக்கு யார் இருக்கிறார்கள் என்ற கேள்வி இங்கிலாந்தைச் சுட்டது. அக்டோபர் 15 அன்று போர்த்துறைச் செயலர் சிட்னி ஹெர்பர்ட், ஹார்லி தெருவில் நோயுற்ற சீமாட்டிகளுக்கான சிறிய இல்லமொன்றை நடத்திவந்த ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலுக்குக் கடிதம் எழுதினார். அக்டோபர் 21 அன்று அவர் 38 பெண்களோடு லண்டனை விட்டுப் புறப்பட்டுவிட்டார். இடையில் இருந்தவை ஆறு நாட்கள்.

நாம் பள்ளிப் பாடத்தில் படித்த 'கைவிளக்கேந்திய காரிகை' இந்த ஆறு நாட்களை எளிதில் தாண்டிச் சென்றுவிடுகிறார். நாம் சற்று நின்று பார்க்கலாம்.

பெல்கிரேவ் சதுக்கத்தில் இருந்த ஹெர்பர்ட்டின் வீட்டுக் கூடமே தேர்வு அறையாயிற்று. நைட்டிங்கேலின் தோழியரான சீமாட்டிகள் சிலர் அங்கே அமர்ந்து, வந்தவர்களை விசாரித்தார்கள். 40 பேர் வேண்டியிருந்தது. தேறியவர்கள் 38 பேர். அவர்களில் 14 பேர் மட்டுமே மருத்துவமனைகளில் கூலிக்கு வேலை பார்த்துப் பழகிய தாதியர். கத்தோலிக்கக் கன்னியர் 10 பேர், ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்த சகோதரிகள் 14 பேர். அன்றைய இங்கிலாந்தில் மருத்துவமனைத் தாதி என்றால் குடிகாரி என்ற பெயர் நிலைத்திருந்தது. ஆகவே விசாரணையின் பெரும்பகுதி நடத்தையைப் பற்றியது. இளம்பெண்களைத் தவிர்த்தார்கள். வாரம் 12 முதல் 14 ஷில்லிங் வரை சம்பளம், உணவும் உறைவிடமும் இலவசம், ஒழுங்காக இருந்தால் பின்னர் உயர்வு என்று ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள். நோயைப் பற்றி என்ன தெரியும் என்பதை முறையாகச் சோதிக்க ஒரு கேள்வித்தாளும் கிடையாது. அப்படியொரு கேள்வித்தாள் தயாரிக்கத்தக்க பாடநூலும் அன்று இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும்.

தலைவிக்கு மட்டும் ஆறு நாள் அவகாசம் போதுமானதாக இருந்தது ஏன்? அவருடைய ஆயத்தம் ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1845-இல் சாலிஸ்பரி மருத்துவமனையில் சில மாதம் வேலை பழக அனுமதி கேட்டபோது வீட்டார் அதிர்ந்துபோய் மறுத்தார்கள். அதன்பின் அவர் விடியுமுன் எழுந்து, மருத்துவமனை அறிக்கைகளை மெழுகுவத்தி வெளிச்சத்தில் படித்துக் குறிப்பெடுத்தார். காலைச் சிற்றுண்டிக்கு மணியடித்ததும் செல்வர் வீட்டு மகளாகக் கீழே இறங்கிவந்தார். 1851-இல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த் நகரில் பாதிரியார் ஃப்ளீட்னர் நடத்திவந்த நிறுவனத்தில் மூன்று மாதம் பயின்றார். அங்கே சேர வந்தவர்கள் தம் வாழ்க்கை வரலாற்றைச் சுருக்கமாக எழுதித் தரவேண்டும். நைட்டிங்கேலும் எழுதிக் கொடுத்தார். அவர் எழுதிய நுழைவுத் தேர்வு என்று ஒன்றைச் சொல்வதானால் அது இந்தத் தன்வரலாறுதான். நோயியல் பற்றிய கேள்வி அதில் இல்லை. தன்னைத் தானே எப்படிப் பார்க்கிறாள் என்பதே கேள்வி.

நவம்பர் தொடக்கத்தில் அவர்கள் ஸ்கூட்டாரியை அடைந்தார்கள். இராணுவ மருத்துவர்கள் முதலில் அவர்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மருத்துவர் கேட்டால் ஒழிய எவரும் நோயாளியைத் தொடக்கூடாது என்று நைட்டிங்கேல் உத்தரவிட்டு, துணி தைக்க வைத்தார். இன்கெர்மன் போரின் காயக்காரர்கள் வந்து குவிந்த பிறகே அழைப்பு வந்தது. அவசரத் தேர்வின் பிழைகள் அப்போதுதான் வெளிப்பட்டன. நார்வுட் மடத்திலிருந்து வந்த ஐந்து கன்னியர் அநாதைக் குழந்தைகளை வளர்த்தவர்கள். நோயாளிப் பணிவிடை அறியாதவர்கள். சில வாரங்களில் திரும்ப வேண்டியதாயிற்று. குடித்ததற்காக வெளியேற்றப்பட்டவர்களும் உண்டு. அனுபவமிக்க தாதியொருத்தி எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ள வந்தவள்தான். கொடுக்கப்பட்ட தொப்பி தன் முகத்துக்குப் பொருந்தாது என்று தெரிந்திருந்தால் மட்டும் கப்பலேறியிருக்க மாட்டாள் என்று முறையிட்டாளாம். நைட்டிங்கேல் இதைக் கடிதத்தில் கேலியாகவே எழுதுகிறார். நமக்கோ அந்தத் தாதியின் மீது சற்றுப் பரிவே தோன்றுகிறது.

இனி, உள்ளே வர முடியாமல்போன ஒருவரைப் பற்றி. ஜமைக்காவில் பிறந்த மேரி சீக்கோல் அந்த இலையுதிர்காலத்தில் லண்டனில் இருந்தார். கறுப்பினத் தாய்க்கும் ஸ்காட்லாந்துச் சிப்பாய்க்கும் பிறந்தவர். மருத்துவமும் பணிவிடையும் தாயிடம் கற்றவர். பனாமாவில் காலரா பரவியபோது நாள்தோறும் நோயாளிகளோடு போராடினார். இறந்த குழந்தையொன்றின் உடலை இரவோடிரவாக அறுத்துப் பார்த்து நோயின் போக்கை அறிய முயன்றதை அவரே பதிவுசெய்திருக்கிறார். 1853-இல் ஜமைக்கா இராணுவ முகாமில் மஞ்சள் காய்ச்சல் கண்டவர்களுக்கும் பணி செய்தார். கிரிமியாவில் சிப்பாய்களைக் கொன்ற எதிரிகளில் காலரா முதன்மையானது என்பதை நினைத்தால், பெல்கிரேவ் சதுக்கத்துக்கு வந்தவர்களில் இவ்வளவு தகுதியுடையவர் வேறு எவரேனும் இருந்திருப்பாரா என்பது ஐயமே. முதற்குழு அதற்குள் புறப்பட்டுவிட்டது உண்மை. எனினும் இரண்டாவது குழுவுக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். போர்த்துறை அலுவலகம் முதல் ஹெர்பர்ட் வீட்டுக் கூடம் வரை அலைந்தும் இடமில்லை என்ற பதிலே கிடைத்தது. தம் தோலின் நிறம்தான் காரணமோ என்று தெருவில் நின்று கண்ணீர் விட்டதை 1857-இல் வெளியிட்ட நூலில் எழுதுகிறார். பிறகு சொந்தச் செலவில் கிரிமியா சென்று, பாலக்லாவா அருகே உணவுவிடுதி நடத்திக்கொண்டே காயம்பட்டவர்களையும் கவனித்தார்.

இடமில்லை என்று சொன்ன அதே தேர்வாளர்கள் அனுப்பிய அந்த இரண்டாவது குழு, நைட்டிங்கேல் கேட்காமலேயே டிசம்பரில் வந்திறங்கி அவருடைய கடுங்கோபத்துக்கு ஆளாயிற்று. நாற்பதுக்கும் மேற்பட்ட அக்குழுவில், வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த, அறுபது வயதைக் கடந்த பெட்சி கட்வாலடரும் இருந்தார்.

பொதுமக்கள் நன்கொடையாகத் தந்த சுமார் 45,000 பவுனைக் கொண்டு 1860-இல் லண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் நைட்டிங்கேலின் பயிற்சிப் பள்ளி திறக்கப்பட்டது. 25 முதல் 35 வயது வரை உள்ளவர்களுக்கு, நன்னடத்தைச் சான்றிதழோடு அனுமதி. நுழைவுத் தேர்வு இல்லை. சேர்ந்தபின் நேரந்தவறாமை, அமைதி, நம்பகம், தூய்மை என்று குணங்களை வரிசையிட்ட படிவமொன்றில் மாதந்தோறும் மதிப்பெண் இட்டார்கள். ஸ்கூட்டாரியின் சாவுகளில் பெரும்பகுதி சாக்கடையாலும் காற்றோட்டமின்மையாலும் நேர்ந்தவை என்பதை நைட்டிங்கேல் போருக்குப் பிறகே புள்ளிவிவரங்களிலிருந்து முழுமையாக உணர்ந்தார். செவிலியம் பற்றிய தம் நூலைக் காற்றோட்டத்தில் அவர் தொடங்கியதற்கு இதில் விளக்கம் இருக்கிறது.

தேர்வுத்தாள் மனப்பாடத்தை அளக்கும், குணத்தை அளக்காது என்று அவர் கடைசிவரை வாதிட்டார். 1887-இல் பிரிட்டிஷ் செவிலியர் சங்கத்தைத் தோற்றுவித்த எத்தல் பெட்ஃபோர்ட் ஃபென்விக் இதற்கு நேர்மாறான கட்சி: பொதுத் தேர்வும் பதிவேடும் இல்லாவிட்டால் எவளும் தாதி என்று சொல்லிக்கொள்ளலாம் என்றார். இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் நன்னடத்தைச் சான்றிதழ் எழுதுகிறவரும் ஒரு கூடத்தில் உட்கார்ந்து முகம் பார்த்தே எழுதுகிறார். கேள்வித்தாளுக்கு எதிரில் நிற்பவளின் நிறம் தெரியாது. இந்த ஒரு காரணத்துக்காகவே நாம் ஃபென்விக் பக்கம் சாய்கிறோம். நைட்டிங்கேல் மறைந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், 1919-இல், பதிவுச் சட்டம் நிறைவேறியது. பதிவேட்டின் முதல் எண் ஃபென்விக்குக்கு. அரசுத் தேர்வு 1925-இல் தொடங்கியது.

2016 ஜூன் மாதம் மேரி சீக்கோலுக்கு வெண்கலச் சிலையொன்று திறக்கப்பட்டது. நைட்டிங்கேல் பற்றாளர் சிலர் அந்த இடத்தில் வைக்கக்கூடாது என்று எதிர்த்தார்கள். சிலை, புனித தாமஸ் மருத்துவமனையின் தோட்டத்தில், தேம்ஸ் நதிக்கு அப்பால் உள்ள நாடாளுமன்றத்தைப் பார்த்தபடி நிற்கிறது.