மருத்துவரின் வண்ணப்பெட்டி: சுஹைல் உன்வரும் உஸ்மானிய மலரோவியமும்

இஸ்லாமியக் கலை வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் அரசவைகளைச் சுற்றியே எழுதியுள்ளனர். எந்த சுல்தான் எந்தப் பட்டறையை நிறுவினார், எந்த உஸ்தாத் எந்த நூலை அணிசெய்தார், அதற்கு என்ன சன்மானம் பெற்றார் என்பனவே அவ்வரலாறுகளின் பக்கங்களை நிரப்புகின்றன. அரசவை கலைந்து, பட்டறை மூடப்பட்டு, சன்மானம் கொடுப்பாரும் இல்லாமற்போன காலத்தில் அக்கலை எங்கே உயிர் பிழைத்திருந்தது என்னும் வினாவுக்கு அவற்றில் விடை கிடைப்பது அரிது. இருபதாம் நூற்றாண்டின் துருக்கியைப் பொறுத்தவரை அவ்விடையின் பெரும்பகுதி ஒரு மருத்துவரின் வண்ணப்பெட்டியில் இருந்தது.

அவர் பெயர் அஹ்மத் சுஹைல் உன்வர் (1898–1986). நோயாளிகளைக் கவனிப்பதும் மாணவர்க்கு மருத்துவம் கற்பிப்பதும் அவருடைய தொழில். மலர்களையும் மரங்களையும் பழைய தெருக்களையும் நீர்வண்ணத்தில் வரைவது, தொழில் போக எஞ்சிய நேரத்தில் அவர் விரும்பி மேற்கொண்ட பணி. துருக்கியர் அவரை ‘ஹெஸார்ஃபென்’ என்று அழைத்தனர். ‘ஹஸார்’ என்னும் பாரசீகச் சொல்லும் ‘ஃபன்’ என்னும் அரபுச் சொல்லும் சேர்ந்து ‘ஆயிரங் கலை வல்லவர்’ என்று பொருள் தரும் பட்டம் அது. ஆயினும் அவருடைய ஆயிரம் கலைகளுள் வயிற்றுப்பாட்டுக்கு உதவியது மருத்துவம் ஒன்றே. இவ்வுண்மையை நினைவிற் கொண்டு அவர் வரலாற்றைப் படிப்பது பயன் தரும்.

மரமும் மலரும்: மார்க்க அடித்தளம்

முஸ்லிம் ஒருவர் தூரிகையைக் கையில் எடுக்கும்போதே எழும் வினா ஒன்று உண்டு. அதனை ஒதுக்கிவிட்டு மேலே செல்வது முறையாகாது. உருவப்படங்கள் வரைந்து பிழைத்து வந்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்து தம் நிலையைக் கூறினார். உருவம் சமைப்போர் பற்றி அண்ணல் நபி (ஸல்) அவர்கள் விடுத்த எச்சரிக்கையை இப்னு அப்பாஸ் (ரலி) எடுத்துரைத்தார்கள். அதைக் கேட்டு அம்மனிதரின் முகம் வெளிறியது. வரைந்தே தீர வேண்டுமாயின் மரத்தையும் உயிரற்ற பிற பொருள்களையும் வரைந்துகொள்ளுமாறு இப்னு அப்பாஸ் (ரலி) அவருக்கு வழிகாட்டினார்கள். இவ்வறிவிப்பு ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது. தொழிலை இழந்து கலங்கி நின்ற ஓர் ஓவியருக்கு ஒரு கதவு மூடப்பட்டதோடு மற்றொரு கதவு திறக்கப்பட்டதையும் இதில் காண்கிறோம்.

ஹிஜ்ரி 676 இல் (1277) மறைந்த இமாம் நவவீ (ரஹ்) தமது முஸ்லிம் விரிவுரையில், மரம் போன்றவற்றை வரைதல் கூடும் என்பதே அறிஞர்களின் பொதுக் கருத்து என்றும், கனி தரும் மரத்தை வரைவதை முஜாஹித் (ரஹ்) மட்டும் வெறுத்தார் என்றும் எழுதுகிறார். முஜாஹித், இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் மாணவர் என்பது குறிப்பிடத்தக்கது. பேணுதலில் மாணவர் ஆசிரியரைவிட ஓரடி முன்னே சென்றிருக்கிறார். சமுதாயம் ஆசிரியரின் வழியையே மேற்கொண்டது. உமய்யா கலீஃபா முதலாம் வலீத் கட்டி ஹி. 96 (715) அளவில் நிறைவெய்திய திமிஷ்க் பெரிய பள்ளிவாசலின் சுவர்களில், பொன்னிறப் பின்னணியில் நதியும் நெடுமரங்களும் மாளிகைகளும் பதிகற்களால் ஆக்கப்பட்டுள்ளன. அக்காட்சியில் மனிதரும் இல்லை, விலங்கும் இல்லை.

மருத்துவர்களுக்கும் இக்கதவின் வழியே தனிப்பாதை ஒன்று அமைந்தது. கிரேக்க மருத்துவர் தியோஸ்கோரிதீஸின் மூலிகை நூல் மூன்றாம் ஹிஜ்ரி நூற்றாண்டில் பக்தாதில் அரபியாக்கம் பெற்றபின், செடியின் வேர், தண்டு, இலை, பூ ஆகியவற்றைப் படத்துடன் காட்டும் மரபு முஸ்லிம் மருத்துவரிடையே வேரூன்றியது. ஒரு மூலிகையை மற்றொன்றாகப் பிறழ உணர்ந்தால் நோயாளியின் உயிருக்கே கேடு. எனவே அப்படங்கள் அழகுக்கு மட்டும் உரியனவாக இருக்கவில்லை.

இரு ஆசிரியர்கள், இரு நீர்வண்ணங்கள்

உன்வர் இஸ்தன்பூலில் பிறந்தார். நஸ்கு, ஸுலுஸு எழுத்துமுறைகளில் பெரும்புகழ் பெற்ற மெஹ்மத் ஷவ்கீ எஃபெந்தி (மறைவு 1887) அவருடைய தாய்வழிப் பாட்டனார். மருத்துவக் கல்லூரியில் பயின்று 1920 இல் அவர் பட்டம் பெற்றார். முதல் உலகப் போர்க் காலத்தை ஒட்டி இஸ்தன்பூலில் தொடங்கப்பட்ட ‘மத்ரஸத்துல் கத்தாத்தீன்’ என்னும் எழுத்தணிக் கலைஞர் கல்விக்கூடத்திலும் அவர் மாணவரானார். அங்கே யெனிகொய் நூரி பேயிடம் ‘தத்ஹீப்’ எனப்படும் பொன்னணிக் கலையையும், நஜ்முத்தீன் ஒக்யாயிடம் ‘எப்ரு’ எனப்படும் நீர்மேல் வண்ணக் கலையையும் கற்றார். 1923 இல் தத்ஹீபில் இஜாஸத் பெற்றார். ஹதீஸுக்கு ஸனது இருப்பதுபோல் இக்கலைகளுக்கும் ஆசிரியர் வழித்தொடர் உண்டு. மருத்துவர் ஒருவர் அத்தொடரில் முறையாக இணைந்தார்.

அவருக்கு வாய்த்த மற்றோர் ஆசிரியர் ஹோஜா அலீ ரிஸா (1858–1930). உஸ்குதாரில் பிறந்து, 1884 இல் இராணுவக் கல்லூரிப் பட்டம் பெற்று, அங்கேயே நெடுங்காலம் ஓவியம் கற்பித்தவர். உஸ்மானியரின் இராணுவ, பொறியியற் கல்விக்கூடங்களில் நிலப்படம் வரைவதற்காகவே ஓவியக் கல்வி புகுத்தப்பட்டது. அக்காலத் துருக்கிய ஓவியருள் பலர் இராணுவ அதிகாரிகளாக இருந்ததற்குக் காரணம் இதுவே. மேற்படிப்புக்காக அலீ ரிஸாவை இத்தாலியின் நேப்பிள்ஸ் நகருக்கு அனுப்ப ஏற்பாடாகியிருந்தது. அங்கே காலரா பரவியதால் அப்பயணம் நின்றுபோயிற்று. வெளிநாடு செல்லாத அவருக்கு உஸ்குதாரின் பாறைகளும், கடற்கரையும், கபுருஸ்தானின் சைப்ரஸ் மரங்களும் ஆசிரியர்களாயின. பென்சிலும் நீர்வண்ணமும் கொண்டு அவற்றையே அவர் ஓயாமல் வரைந்தார்.

நூரி பே கற்பித்ததும் அலீ ரிஸா கற்பித்ததும் ஒருவகையில் நீர்வண்ணமே. இரண்டிலும் வண்ணப்பொடி பிசினில் பிணைந்து நீரில் கரைகிறது. ஆனால் இரண்டின் ஒழுங்கும் நேர்மாறானது. தத்ஹீபில் முட்டை வெண்கருவும் படிகாரமும் பூசி மெருகேற்றிய தாள் வேண்டும். பொன்தகட்டை விரல்களால் பசையோடு அரைத்துக் குழைக்க வேண்டும். ஒளி ஊடுருவாத வண்ணத்தை இட்டு, ஓரத்தில் மயிரிழை போன்ற கோடு இழுக்க வேண்டும். அங்கே மலர் என்பது தோட்டத்தில் கண்ட மலரன்று; தலைமுறைகளாய்ச் செதுக்கப்பட்ட வடிவம். அலீ ரிஸாவின் நீர்வண்ணத்திலோ வண்ணம் மெல்லியதாய்த் தாளின் வெண்மையைக் காட்டிக்கொண்டே படிகிறது. ஒளியைத் தீட்ட முடியாது. ஒளி விழும் இடத்தைத் தீட்டாமல் விட்டுவைக்க வேண்டும். ஈரம் காய்வதற்குள் கை முடிவெடுத்தாக வேண்டும். ஒன்று பொறுமையின் கலை. மற்றது விழிப்பின் கலை.

உன்வரின் சோதனைகள் இவ்விரண்டுக்கும் இடையே நிகழ்ந்தன. மரபு வடிவங்களைப் பயில்பவர் நேரில் மலரைப் பார்க்கவும் வேண்டும். நேரில் பார்த்து வரைபவர் மரபின் ஒழுங்கை அறியவும் வேண்டும் என்பது அவர் பணியிலிருந்து தெளிவாகிறது.

இதற்கு உஸ்மானிய வரலாற்றிலேயே முன்மாதிரி இருந்தது. சுல்தான் சுலைமான் காலத்து அரண்மனைப் பட்டறையில் தப்ரீஸிலிருந்து வந்த ஷாஹ்குலு, வளைந்து நெளியும் இலைகளும் கற்பனை மலர்களும் கொண்ட பாணியை வளர்த்தார். அவருடைய மாணவர் கரா மெமி, தோட்டத்தில் பூக்கும் டியூலிப், ரோஜா, கார்னேஷன், பூத்துக் குலுங்கும் மரக்கிளை ஆகியவற்றை ஏட்டின் ஓரங்களுக்குக் கொண்டுவந்தார். ‘முஹிப்பீ’ என்னும் புனைபெயரில் சுல்தான் இயற்றிய கவிதைகளின் 1566 ஆம் ஆண்டுப் பிரதி அவர் அணிசெய்தது. மறக்கப்பட்டிருந்த இக்கலைஞரைப் பற்றி 1951 இல் தனிநூல் எழுதியவர் உன்வர். பதினெட்டாம் நூற்றாண்டு மலரோவியர் அலீ உஸ்குதாரீ பற்றிய அவருடைய நூல் 1954 இல் வந்தது.

கதவுகள் அடைபட்ட காலம்

உன்வர் இஜாஸத் பெற்ற காலத்தை நோக்க வேண்டும். 1924 மார்ச்சில் கிலாஃபத் நீக்கப்பட்டது, மத்ரஸாக்கள் மூடப்பட்டன. 1925 இல் தக்கியாக்கள் மூடப்பட்டன. 1928 நவம்பரில் அரபு எழுத்துக்கு மாற்றாக இலத்தீன் எழுத்து சட்டமாயிற்று. 1929 தொடக்கத்திலிருந்து பழைய எழுத்தில் நூல் அச்சிட இடமில்லை. எழுத்தணிக் கலைஞருக்கு வேலை இல்லையெனில் அவ்வெழுத்தைச் சூழப் பொன்னணி செய்பவருக்கும், ஏடு கட்டுபவருக்கும், தாளுக்கு மெருகேற்றுபவருக்கும் வேலை இல்லை. ஒரு சட்டத்தால் ஒரு சங்கிலியின் கண்ணிகள் யாவும் கழன்றன. இக்கலையையே பிழைப்பாகக் கொண்டிருந்தோர் வேறு பிழைப்பைத் தேட நேர்ந்தது.

மருத்துவராகிய உன்வருக்கு இந்நெருக்கடி இல்லை. கலை அவருக்குச் சோறு போடவில்லை. ஆகவே கலை வீழ்ந்தபோது அதைக் கைவிட வேண்டிய கட்டாயமும் அவருக்கு நேரவில்லை. பொழுதுபோக்கினர் என்று எளிதாகக் கருதப்படுவோரின் வலிமை இங்கேதான் உள்ளது. மருத்துவ மேற்பயிற்சிக்காக 1927 முதல் 1929 வரை பாரிஸில் தங்கியபோதும் அவர் அங்குள்ள தேசிய நூலகத்தின் கீழை நாட்டு ஏடுகளை ஆராய்ந்தார். 1933 இல் இஸ்தன்பூல் பல்கலைக்கழகம் புதிதாய் அமைந்தபோது அதில் மருத்துவ வரலாற்று நிறுவனத்தைத் தோற்றுவித்தார். பெயர் மாறி மாறி நிலைத்திருந்த எழுத்தணிக் கல்விக்கூடம் 1936 இல் நுண்கலைக் கழகத்தோடு இணைக்கப்பட்டது. அக்கழகத்தில் அவர் நெடுங்காலம் அணிக்கலை கற்பித்தார். மருத்துவமும் ஓவியமும் ஒன்றையொன்று தாங்கின. அமாசியா நகர மருத்துவர் ஷரஃபுத்தீன் சாபுன்ஜுஓக்லு 1465 இல் எழுதிய, படங்கள் நிறைந்த அறுவை மருத்துவ நூலை 1939 இல் அறிஞர் உலகுக்கு அறிமுகப்படுத்தியவரும் அவரே.

தெருவும் குறிப்பேடும்

அவருடைய நீர்வண்ணங்களின் மதிப்பு இன்னொரு வகையிலும் பெரிது. சிறு குறிப்பேட்டோடு இஸ்தன்பூலின் பழைய மஹல்லாக்களில் நடந்து, மரவீடு, நீர்த்தாரை, சிறு பள்ளிவாசல், மீஸான் கல், அதன்மேல் கவிந்த மரம் எனக் கண்டவற்றை வரைந்தார். அருகே, பழைய அரபு எழுத்திலும் புதிய எழுத்திலுமாகக் குறிப்பு எழுதினார். 1956 முதல் 1960 வரை அகன்ற சாலைகள் அமைப்பதற்காக அந்நகரின் பழைய பகுதிகள் பல இடிக்கப்பட்டன. தீயும் காலமும் வேறு பலவற்றை விழுங்கின. அவர் வரைந்தவற்றுள் இன்று நிலத்தில் காண முடியாதவை உண்டு. பொழுதுபோக்காய்த் தொடங்கிய படம் சான்றாவணமாய் மாறிவிட்டது.

அவரைப் பெரும் ஓவியர் என்று போற்றுவது மிகை. நீர்வண்ண ஓவியர் என்ற அளவில் அலீ ரிஸாவின் ஒளியை அவர் எட்டினார் என்று கூறுவது கடினம். பழைய ஏடுகளிலிருந்த மனித உருவ நுண்ணோவியங்களையும் அவர் ஆராய்ந்தார், படியெடுத்தார், கற்பித்தார். அதில் மார்க்க அறிஞர் பலர்க்கு உடன்பாடு இராது. ஆயினும் அவர் பணியின் முதுகெலும்பு மலரும் மரமும் கட்டடமும் எழுத்துமே; இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அன்று திறந்துவைத்த கதவின் உட்புறத்திலேயே அது பெரும்பாலும் அமைந்தது.

அவர் 1986 பிப்ரவரியில் மறைந்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட அவருடைய குறிப்பேடுகள் சுலைமானிய்யா நூலகத்தில் உள்ளன. மகள் குல்புன் மெஸாராவும் பொன்னணிக் கலைஞராகித் தந்தையின் வழியைத் தொடர்ந்தார். தத்ஹீப் இன்று துருக்கிப் பல்கலைக்கழகங்களில் பாடமாய்க் கற்பிக்கப்படுகிறது. அவருடைய மாணவர் வழித்தொடருக்கு அதில் உரிய பங்குண்டு.

அறிவையும் கலையையும் காப்பதற்கு அரசும் வக்ஃபும் பெருநிறுவனமும் தேவை என்பதில் ஐயமில்லை. அவை கலையும் காலமும் வரும். அப்போது, கூலியை எதிர்பாராமல் ஒன்றை முறையாகக் கற்று, நாள்தோறும் சிறிதளவு செய்து, செய்ததைத் தேதியிட்டு வைத்துப் பிறர்க்கும் கற்பிக்கும் ஒருவர் ஊரில் இருந்தால் போதும், சங்கிலி அறுவதில்லை. செயல்களுள் குறைவாயினும் தொடர்ந்து செய்யப்படுவதே அல்லாஹ்வுக்கு உவப்பானது என்பது நபிமொழி காட்டும் நெறி. உன்வரின் குறிப்பேடுகள் அந்நெறிக்கு உரையாக அமைந்துள்ளன.